விரலி மஞ்சளின் நிழல்

அன்று பகல் ஃபிஜியின் சுவா நகரத்தில், எங்கள் கிளினிக்கின் எக்ஸ்ரே அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். வெளிச்சப்பெட்டிக்கு முன்னால் டாக்டர், அவருக்குப் பின்னால் நான், இருட்டறைக்குள் ஃபிலிம் கழுவிக்கொண்டிருந்த, தீவின் பூர்வகுடிப் பெண் லைசா. வெளியே பெஞ்சில், கரும்பு விளையும் தவுவாவிலிருந்து வந்த மாணிக்கம், அவர் மனைவி பார்வதி, மூன்று பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் சமபுலாப் பகுதியின் பெரிய சாலைவரை வரிசை. இல்லாதவர் ஒருவர்தான்: எங்கள் இரண்டாவது டாக்டர். ஒவ்வொரு மார்புப் படத்தையும் இருவர் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கிளினிக்கின் விதி. அந்த இரண்டாமவர் முந்தின வாரம் குடும்பத்தோடு சிட்னிக்குப் போய்விட்டார். அவர் போட வேண்டிய கையெழுத்தை நான் போட்டுக்கொண்டிருந்தேன்.

மெட்ராஸில் நான் எக்ஸ்ரே தொழில் படித்த அதே இடத்தில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதும்படி உங்கள் ஆசிரியர் கேட்டிருக்கிறார். ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். ஃபிஜியில் எங்கள் தொழிலில் ஓய்வு பெறும்வரை யாரும் தங்குவதில்லை. மூத்தவர்கள் எல்லாரும் விமானம் ஏறிவிட்டதால் முப்பது வயதிலேயே நான் மூத்தவனாகிவிட்டேன். அடுத்த மாதம் நானும் கிளம்புகிறேன். என் அப்பா கரும்பு வெட்டியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, படித்துக் கற்றுக்கொண்டால் எதையும் சரியாகப் பார்த்துவிடலாம் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். கருவியை உங்களுக்கு நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் உங்கள் கண்ணைப் பற்றி எழுதுகிறேன்.

போன ஆண்டு ராணுவம் பாராளுமன்றத்துக்குள் புகுந்து, எங்களைப் போன்ற இந்திய வம்சத்தவர் பங்கு பெற்ற ஆட்சியைக் கவிழ்த்த பிறகு சுவா நகரத்தில் இரண்டு இடங்களில்தான் வரிசை நின்றது. ஒன்று பெட்டி விற்கும் கடை, மற்றொன்று எங்கள் கிளினிக். வெளிநாட்டில் குடியேற விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் மார்புப் படம் எடுத்தாக வேண்டும். காசநோய் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். வந்தவர்கள் நோயாளிகளே இல்லை. நல்ல உடம்புக்காரர்கள், பயந்தவர்கள், அவசரத்தில் இருந்தவர்கள். காலையிலிருந்து மாலைவரை சுத்தமான நுரையீரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் நம் தொழிலில் இதைவிட ஆபத்தான வேலை கிடையாது. நூறு படம் சுத்தமாக இருந்தால், அதற்கடுத்த படத்தைக் கண் பார்ப்பதற்கு முன்பே கை ‘சுத்தம்’ என்று எழுதப் போய்விடும். இது சோம்பல் இல்லை. எவ்வளவு நேரம் தேடலாம், எப்போது நிறுத்தலாம் என்பதை மனம் முந்தைய படங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறது. இல்லை, இல்லை என்றே பதில் வந்துகொண்டிருந்தால் அது சீக்கிரம் நிறுத்தக் கற்றுக்கொள்கிறது. அதை நீங்கள் உணரவே மாட்டீர்கள். கை பழகிவிட்டது, வேகம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள்.

லைசாவும் நானும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். நோய் தெரியும் பழைய படம் ஒன்றைப் பெயரை மறைத்து அவள் அடுக்கின் நடுவில் சொருகிவிடுவாள். நான் அதைக் கண்டுபிடிக்காமல் தாண்டினால் மதியத்துக்கு ரொட்டி பார்சல் என் செலவு. டாக்டர் பார்த்து முடித்த அடுக்கில்தான் சொருகுவாள், படங்கள் உறைக்குள் போவதற்குள் அவளே அதை எடுத்துவிடுவாள். ஆரம்பத்தில் அவள் நன்றாகவே சாப்பிட்டாள். “உன்னால என் பாவாடையெல்லாம் இறுக்கமாயிடுச்சு,” என்பாள்.

இனி மஞ்சள் விஷயத்துக்கு வருகிறேன். படம் எடுக்கும்போது கழுத்தில் உலோகம் இருக்கக் கூடாது. வளையல், கம்மல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிய பெண்கள் தாலியை மட்டும் கழற்ற மாட்டோம் என்றார்கள். ஹிந்தி பேசும் நர்ஸ் சத்தம் போட்டுப் பார்த்தாள். ஒரு அம்மா, “வெளிநாடே வேணாம்,” என்று சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்போதுதான் எனக்கு எங்கள் வீட்டு வழக்கம் நினைவுக்கு வந்தது. சங்கிலி அறுந்து தட்டானிடம் கொடுக்கும்போது, விரலி மஞ்சள் கோத்த மஞ்சள் கயிற்றை முதலில் கட்டிக்கொண்டு பிறகுதான் தங்கத்தைக் கழற்றுவார்கள். கழுத்து ஒரு கணமும் வெறுமையாக இருக்காது. நான் கடையிலிருந்து கயிறும் மஞ்சளும் வாங்கி வந்து மேசை இழுப்பறையில் வைத்தேன். யாரும் மறுக்கவில்லை. வேறு தீவில் இருக்கும் லம்பாசாவிலிருந்துகூடக் கப்பலேறி எங்கள் கிளினிக்கைத் தேடி வந்தார்கள்.

காய்ந்த மஞ்சளும் படத்தில் விழும். தங்கம் மாதிரி பளீரென்று இருக்காது, வெளிறிய ஒரு விரல் நுனி போலத் தெரியும். நடு நெஞ்சில் இருந்தால் முதுகெலும்பின் வெள்ளையில் மறைந்துவிடும். ஆனால் பெண்கள் தோளை முன்னால் வளைத்துப் பலகையில் நெஞ்சை அழுத்தும்போது அது பக்கவாட்டில் வழுக்கி நுரையீரல்மேல் போய் உட்காரும். முதல் தடவை டாக்டர் திடுக்கிட்டார். பிறகு எங்களுக்கு அது பழகிவிட்டது.

பார்வதியின் படம் வெளிச்சப்பெட்டியில் ஏறியபோது ஈரம்கூட முழுதாகக் காயவில்லை. வலது பக்கம், மேல்பகுதியில், அந்த வெளிறிய விரல் நுனி.

“வந்துட்டுது உங்க மஞ்சள்,” என்றார் டாக்டர். அவர் குஜராத்திக் குடும்பம். எங்களோடு பேசியது ஃபிஜி ஹிந்தி, நான் தமிழில் எழுதுகிறேன்; சாமி என்பது என் பெயர். “நாளைக்கு உப்பு, மிளகாயும் சேர்த்துக் கட்டி அனுப்பு சாமி. ஒரு குழம்பே வச்சிடலாம்.”

இருட்டறைக்குள்ளிருந்து லைசா சிரித்தாள். நானும் சிரித்தேன். டாக்டர் ‘சுத்தம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவு திறந்திருந்தது. பெஞ்சிலிருந்து மாணிக்கம் எட்டி அதைப் பார்த்ததையும், மனைவியின் பக்கம் திரும்பித் தலையாட்டியதையும் நான் பார்த்தேன். அவருடைய அண்ணன் கனடாவின் வான்கூவரிலிருந்து அழைப்பு அனுப்பியிருந்தார். அன்று நாலு மணிக்குள் மருத்துவ உறையைத் தூதரகத்தில் கொடுக்க வேண்டும். அந்த விண்ணப்பச் சுற்று அன்றோடு முடிகிறது. விசா ஏஜெண்ட் பேச்சை நம்பி ஐந்து டிக்கெட்டும் வாங்கிவிட்டார்கள்.

இரண்டாவது கையெழுத்துக்காகப் படம் என்னிடம் வந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். கையை நீட்டி உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் தெளிவாகப் பார்ப்பது ஏறக்குறைய அவ்வளவு இடத்தைத்தான். மற்றதெல்லாம் மங்கல், இருக்கும் என்று நினைப்பதை வைத்து மனம் அதை நிரப்பிக்கொள்கிறது. ஒரு படத்தைப் ‘பார்த்துவிட்டேன்’ என்று நாம் சொல்வது, அந்த நகத்தை அங்கங்கே வைத்து எடுத்ததைத்தான். எங்கே வைப்பது என்பதையும் பெரும்பாலும் நாம் முடிவு செய்வதில்லை. பளிச்சென்று இருப்பது இழுத்துக்கொள்கிறது. அது என்னவென்று புரிந்ததும் ஒரு திருப்தி வருகிறது பாருங்கள், அங்கே தேடல் முடிந்துவிடும். கண் பெட்டியில் இருக்கும், மனம் அடுத்த படத்துக்குப் போயிருக்கும்.

இது எனக்கு ஒரு சின்னப் பையன் படத்தில் தெரிய வந்தது. மாமரத்திலிருந்து விழுந்தவன், வாயில் வைத்திருந்த காசை விழுங்கிவிட்டான். வயிற்றில் காசு வட்டமாக, அழகாகத் தெரிந்தது. இரண்டு டாக்டர்களும் நானும் அதைப் பார்த்துச் சிரித்து, வாழைப்பழம் கொடுக்கச் சொல்லி அனுப்பினோம். தூக்கினால் ஏன் அழுகிறான் என்று அவன் அம்மா மறுபடி கொண்டுவந்தபோது அதே படத்தை எடுத்துப் பார்த்தோம். ஓரத்தில் மேல்கை எலும்பு விரிசல் விட்டிருந்தது. மூன்று பேர் பார்த்த படம் அது. அதன் பிறகு, எந்தப் படத்திலாவது ஒன்றைக் கண்டுபிடித்தால் அதை மூடிவிட்டு, இப்போதுதான் கைக்கு வந்த படம் போல முதலிலிருந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

ஃபிலிம் சுற்றிவந்த கறுப்புத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து மஞ்சளின் மேல் வைத்தேன். படம் மாறிவிட்டது. அதுவரை வலது பக்கமே இழுத்துக்கொண்டிருந்த பார்வை அவிழ்ந்தது. கீழிருந்து மேலாக, இடமும் வலமும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். கழுத்தடியில் இருக்கும் இடது காறை எலும்பும் முதல் விலா எலும்பும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் நின்றேன். வலது பக்கத்தில் அந்த இடம் இரண்டு கோடுகளாக இருந்தது. இடது பக்கத்தில் கோடுகளுக்கு நடுவே பஞ்சைப் பிய்த்து வைத்தது போல ஏதோ இருந்தது. இருந்ததா? கண்ணைச் சிமிட்டினால் இல்லை. மறுபடி பார்த்தால் இருந்தது.

“டாக்டர், இங்கே ஒரு தடவை பாருங்க.”

அவர் பார்த்தார். “முதல் விலாவோட நுனி. எல்லாருக்கும் இருக்கிறதுதான்.”

“வலது பக்கம் இல்லையே.”

“சாமி, ஏதாவது ஒரு படத்தை என்கிட்ட குடு, கொஞ்ச நேரமும் குடு. அதுல ஒரு வியாதிய நான் காட்டறேன். தேடுறவனுக்குக் கிடைக்கத்தான் செய்யும்.”

அவர் சொன்னதும் உண்மை. கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று உட்கார்ந்தால் எலும்பும் நோயாகத் தெரியும். தவறவிடுவது ஒரு பிழை. இல்லாததைக் காண்பது இன்னொரு பிழை. ஒன்றைக் குறைக்க நினைத்தால் மற்றது கூடும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று படத்தில் எழுதியிருக்காது. அவர் காலையிலிருந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, கண் சிவந்திருந்தது. அவருடைய விசா விண்ணப்பமும் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது.

“சாய்ஞ்சு நிக்க வச்சு ஒன்னு எடுத்துடறேனே,” என்றேன். உடம்பைப் பின்னால் சாய்த்து எடுத்தால் காறை எலும்பு மேலே ஏறிவிடும். நுரையீரலின் உச்சி மறைப்பில்லாமல் தெரியும்.

“எந்த ஃபிலிம்ல? கப்பல் வரல. பெட்டில கிடக்கிறது இந்த வரிசைக்கே போதாது. அவளுக்கு இரண்டாவது எடுத்தா, கடைசில நிக்கிற எவனுக்கோ இல்லைன்னு சொல்லணும். நீ போய்ச் சொல்றியா?” பேனாவை என்னிடம் நீட்டினார். “போடு. நாலு மணி ஆயிடும்.”

பேனாவை வாங்கினேன். போடவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. வெளியே வந்தேன்.

மாணிக்கம் எழுந்து நின்றார். “ஆச்சா தம்பி? கவர ஒட்டிடலாமா?”

“அண்ணே, இன்னொரு படம் எடுத்தா நல்லதுன்னு நெனைக்கிறேன். கொஞ்சம் சந்தேகம்.”

“என்ன சந்தேகம்? டாக்டரு கையெழுத்துப் போட்டத என் கண்ணால பார்த்தேன்.” குரலைத் தாழ்த்தினார். “தம்பி, நீ நம்ம தவுவாப் பக்கத்துப் புள்ள. உங்கப்பாவும் நானும் ஒரே லைன்ல நின்னு கரும்பு ஏத்தினவங்க. வர்ற வழில ராக்கிராக்கி ஊருகிட்ட ராணுவ செக்போஸ்ட்ல பஸ்ஸ நிறுத்தி எங்க பெட்டியெல்லாம் ரோட்டுல கொட்டிப் பார்த்தாங்க, புள்ளைங்க பயந்து போச்சு. மறுபடி அந்த ரோட்டுல போகச் சொல்லாத. நிலத்த விட்டாச்சு. வீட்டுச் சாவியையும் குடுத்தாச்சு.”

“வியாதின்னு இருந்தா, அங்க போய் இறங்கினதும் தெரிஞ்சிடும் அண்ணே.”

“அங்க போய் இறங்கின பெறகுதானே? அங்க நல்ல ஆஸ்பத்திரி இருக்கு. நீ போட வேண்டியதப் போடு. நீ யாரு டாக்டர் எழுதினத அழிக்க? அவருக்கு மேல படிச்சிட்டியா?”

அது குத்தியது. குத்த வேண்டும் என்றுதான் சொன்னார். பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். பார்வதி அக்கா அதற்குள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். சின்னவள் அவர் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கணவரின் தோளுக்கு மாற்றினார்.

“எனக்கா தம்பி, சந்தேகம்?”

“ஆமாக்கா. ஒன்னுமில்லாமலும் இருக்கலாம். எனக்குச் சரியாத் தெரியல.”

“இருமலு இல்ல எனக்கு. நல்லாத்தான் இருக்கேன்.” கயிற்றில் தொங்கிய மஞ்சளை விரலால் பிடித்துக்கொண்டார். “ஆனா மூணும் எம் பக்கத்துலதான் படுக்குதுங்க. சின்னது மூஞ்சி எம் மூஞ்சிமேல இருக்கும். நீ எடு.”

“பார்வதி…” என்றார் மாணிக்கம்.

“நீங்க இருங்க. எடுக்கட்டும்.”

ஃபிலிம் பிரச்சினை அப்படியே இருந்தது. உள்ளே போய் இருட்டறைக் கதவைத் தட்டி, ஒன்றைப் பாதியாக வெட்டித் தர முடியுமா என்று லைசாவிடம் கேட்டேன். எனக்கு நுரையீரலின் உச்சி மட்டும் போதும். மறுபாதி வரிசையில் நிற்கும் ஒரு குழந்தைக்கு ஆகும்.

“இருட்டுல கத்திரிக்கோலா? விரல் போனா யாரு கட்டு போடுவா, நீயா?” என்றாள். வெட்டும் சத்தம் கேட்டது. “இந்தா. ராணுவத்துல இருக்கிற என் அண்ணன் ஊரையே இரண்டாக்கிட்டான். நான் ஒரு ஃபிலிம இரண்டாக்கக் கூடாதா?”

டாக்டர் தடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. மஞ்சளைப் பார்வதி அக்கா தொண்டைக்கு மேலே தூக்கிப் பற்களில் கடித்துக்கொண்டார். பின்னால் சாய்ந்து நிற்க வைத்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன்.

பாதிப் படம் பெட்டியில் ஏறியது. காறை எலும்புகள் இரண்டும் மேலே போய்விட்டன. பஞ்சு அங்கேயே இருந்தது. இந்த முறை கண்ணைச் சிமிட்டினாலும் போகவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு முதல் படத்தைப் பக்கத்தில் மாட்டி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் பார்த்த இடம்தான் சாமி,” என்றார். “என் கண்ணு அது மேலதான் போச்சு. எலும்புன்னு வச்சிட்டேன்.” தன் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தார். மேல் பரிசோதனை தேவை என்று எழுதினார்.

இதை அவருடைய பிழை என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் எழுதியதில் பயன் இல்லை. கண்ணை வைப்பது வேறு, காண்பது வேறு என்பதை அவர் என் முன்னாலேயே சொன்னார். சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. மறுநாளிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரு ஏற்பாடு: முதலில் பார்த்தவர் என்ன கண்டார் என்பதை இரண்டாமவர் தன் முடிவை எழுதும்வரை கேட்கக் கூடாது. ‘மஞ்சள்’ என்று அவர் முதலில் சொன்னதும்தான் நானும் மஞ்சளைப் பார்த்துச் சிரித்தேன். ஒருவர் சொல் காதில் விழுந்துவிட்டால் இரண்டு பேர் இருந்தும் ஒரு கண்தான் வேலை செய்யும்.

வெளியே சொன்னது டாக்டர்தான். மாணிக்கம் சின்னவளைத் தோளிலிருந்து இறக்காமலே சுவரில் சாய்ந்து நின்றார். நாலு மணி தாண்டியபோதும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இருந்தது. ஆரம்ப நிலை. பார்வதி அக்காவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளைகளைச் சோதித்ததில் சின்னவளுக்கும் தொற்றியிருந்தது, அவளுக்கும் கொடுத்தார்கள். ஒருவர் தேறாவிட்டால் குடும்பம் முழுவதின் விண்ணப்பமும் நிற்கும். மனைவியின் பெயரை எடுத்துவிட்டு மற்றவர்கள் போகலாம் என்று ஏஜெண்ட் சொன்னான். மாணிக்கம் அதன் பிறகு அவனைக் கிட்டவே சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அதே ஆண்டில் இரண்டாவது முறை ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவர்கள் லம்பாசாவில் அக்காவின் தங்கை வீட்டில், ஒரே அறையில் இருந்தார்கள்.

சிகிச்சை முடிந்து புதுப் படம் எடுக்க அவர்கள் வந்தது இந்த ஆண்டு. இப்போது நியூசிலாந்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். அக்கா சதை போட்டிருந்தார். படத்தில் அந்த இடத்தில் மெல்லிய தழும்புக் கோடு மட்டும் இருந்தது. டாக்டர் தனியாகப் பார்த்தார், நான் தனியாகப் பார்த்தேன், பிறகு இரண்டு முடிவையும் சேர்த்து வைத்தோம்.

போகும்போது மாணிக்கம் அண்ணன் மேசைக்கு முன்னால் நின்றார். “நான் சண்டைக்கு வரல தம்பி. நீ பார்த்தது நல்லதுதான். இவ இருக்கா, சின்னது இருக்கு. ஆனா பார்த்தவன் பாதி மட்டும் தெரிஞ்சிக்கிட்டுப் போகக் கூடாது. மீதியும் தெரியணும்.”

“விடுங்க, அதப் போய் எதுக்கு இப்போ,” என்றார் பார்வதி அக்கா.

அவர் விடவில்லை. திரும்பி வராத டிக்கெட் பணம், வெட்டாமல் விட்டுவந்த கரும்பு, அவசரத்தில் பாதி விலைக்குப் போன டிராக்டர், ஏஜெண்டுக்குக் கொடுத்தது என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டியவனுக்குச் சொல்வது போலச் சொன்னார். அதை நான் உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு நீங்களும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள், நீங்கள் சரியாகவே பார்த்திருந்தாலும் எதிரில் இருப்பவர் கொடுக்க வேண்டிய விலை குறையாது. அவர் சொன்ன மொத்தம் பதினோராயிரத்து நானூறு டாலர்.